பெங்களூர்ச் செம்மண்ணில் பக்வீட்: முதல் முறை விதைப்பவர்களுக்கு

பக்வீட் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் உரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் செடி எந்த மாதம் பூக்கப் போகிறது? அதற்குப் பதில் இருந்தால் மற்றதெல்லாம் தன்னால் வரும். இல்லையென்றால் எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் மூட்டை மூட்டையாய்ப் பதர்தான் வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனேக்கல் தாண்டி, ஓசூர் எல்லையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. முதல் தடவை விதை கையில் கிடைத்த அவசரத்தில் பிப்ரவரி இரண்டாம் வாரம் விதைத்துவிட்டோம். செடி அருமையாக வந்தது. மார்ச் கடைசியில் நிலம் முழுக்க மல்லிகையை உதிர்த்துவிட்ட மாதிரி வெள்ளை. சாலையில் போகிற பிள்ளைகள் வண்டியை நிறுத்தி படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் ஒரு கொத்தைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். காய்ந்த பூ பொடிப்பொடியாக உதிர்ந்தது. பத்துக் கொத்துக்கு நாலு மணி இருந்தால் அதிகம். வெயில் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் பக்வீட் பூ பிஞ்சு பிடிக்காமல் கருகிவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இது என்ன பயிர்

பேரில் 'வீட்' இருந்தாலும் கோதுமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புல் இனமே கிடையாது. பக்கத்துக் காட்டுத் தாத்தா எங்கள் வயலுக்குள் இறங்கி, ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது சுக்காங்கீரை ஜாதியா?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. சுக்காங்கீரையும் பக்வீட்டும் ஒரே குடும்பம். இதய வடிவ இலை, உள்ளே குழலாக இருக்கும் செந்தண்டு, உச்சியில் கொத்துக் கொத்தாகப் பூ, மூன்று பட்டை வைத்த கறுப்பு விதை. அந்த விதையின் மாவைத்தான் வடக்கே 'குட்டு ஆட்டா' என்று விற்கிறார்கள். நவராத்திரி, சிவராத்திரி விரதத்தில் அரிசி, கோதுமை தொடாதவர்கள் இதில் பூரி, பக்கோடா செய்து சாப்பிடுவார்கள். ஜப்பானியரின் சோபா நூடுல்ஸும் இந்த மாவில்தான். தமிழில் இதற்குப் பெயர் சொல்லி நான் யார் வாயாலும் கேட்டதில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் பக்வீட் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இது மலைப்பயிர். உத்தராகண்ட், இமாசலத்தின் கின்னௌர், காஷ்மீர், சிக்கிம், அருணாசலம் ஆகிய இடங்களில் பல தலைமுறைகளாக விளைகிறது. பெங்களூர் மலையல்ல, ஆனால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். டிசம்பரில் பகல் 26, 27 டிகிரி, விடியற்காலை 15, 16. அந்த ஆறு ஏழு வாரக் குளிரை நம்பித்தான் இங்கே இந்தப் பயிரைப் போடுகிறோம்.

நாள் குறிப்பது

பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதைத்த நாலைந்து நாளில் முளைக்கும். சுமார் 30 நாளில் முதல் பூ. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் பூத்துக்கொண்டே இருக்கும். 80, 85 நாளில் அறுப்பு. பூக்கும் அந்த மாதம் முழுவதும் டிசம்பருக்குள்ளும் ஜனவரி முதல் பாதிக்குள்ளும் விழ வேண்டும். அப்படியென்றால் விதைப்பு அக்டோபர் 25லிருந்து நவம்பர் 10க்குள்.

அதற்கு முன்னால் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் கனமழை மாதங்கள். இந்தச் செடி ஈரத்தில் நின்றால் வேர் அழுகிவிடும். தண்டு குழல் என்பதால் பெருமழைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும், எழுந்திருக்காது. பூக்கிற காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் தேனீ கூட்டை விட்டு வராது. தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ராகி போட்ட நிலம் நவம்பர் கடைசி, டிசம்பர் வரை காலியாகாது. ஆகவே ராகி அறுத்த நிலத்தில் பக்வீட் என்று திட்டம் போடாதீர்கள். நிலக்கடலை, தட்டைப்பயறு, சீக்கிரம் முடிகிற காய்கறி என்று அக்டோபர் நடுவில் காலியாகிற துண்டு நிலமாகப் பாருங்கள். முதல் வருடம் அரை ஏக்கருக்கு மேல் வேண்டவே வேண்டாம். கால் ஏக்கர் இன்னும் நல்லது.

விதை

கடையில் விரதச் சாமான் பகுதியில் கிடைக்கும் குட்டு பெரும்பாலும் தோல் நீக்கியது. அதை விதைக்க நம்ப முடியாது. பழுப்பாக வறுத்தது அறவே முளைக்காது. தோலோடு, கறுப்பும் பழுப்புமாக, முழுசாக இருக்கும் விதைதான் வேண்டும்.

இதில் இரண்டு வகை. ஒன்று சாதாரண பக்வீட்: விதையின் பட்டைகள் வழவழப்பாக, ஓரங்கள் கூராக இருக்கும், பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. இன்னொன்று டார்ட்டரி பக்வீட்: விதையில் பள்ளம் ஓடும், பூ பச்சையாகச் சின்னதாக இருக்கும், மாவு கசக்கும், தோல் எளிதில் கழலாது. உத்தராகண்டின் அல்மோராவில் இருக்கும் விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் 'வி.எல். உகல் 7', அதே மாநிலத்து ராணிசௌரியிலிருந்து வந்த 'பி.ஆர்.பி. 1' இரண்டும் சாதாரண வகை. 'ஹிம்பிரியா' டார்ட்டரி வகை. விற்பதற்கு என்றால் புதியவர்கள் சாதாரண வகையையே எடுங்கள். இந்த ரகங்களெல்லாம் மலைக்கென்று வந்தவை. உங்கள் மண்ணில் எது தாக்குப்பிடிக்கிறது என்பதை நாலு பாத்தி போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விதை வந்ததும் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஐந்தாம் நாள் பிரித்து எண்ணுங்கள். 80க்கு மேல் முளைத்திருந்தால் நிம்மதி. 60 என்றால் விதையளவைக் கூட்ட வேண்டும். அதற்கும் கீழே என்றால் அந்த விதையை மண்ணில் போடாதீர்கள், மாவரைத்துச் சாப்பிடுங்கள். பக்வீட் விதை பழசானால் வீரியம் குறைந்துவிடும். போன பருவத்து விதைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

நிலமும் விதைப்பும்

நம் செம்மண் இதற்கு ஒத்துப்போகும். கொஞ்சம் புளிப்பான மண்ணைக் கூடத் தாங்கும் பயிர் இது. களிமண்ணும், தண்ணீர் தேங்கும் தாழ்வான மூலையும் மட்டும் ஆகாது. இரண்டு உழவு ஓட்டி, கட்டி உடைத்து, மேல்மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு இரண்டு டன் நன்றாக மக்கிய தொழுவுரம் போதும். யூரியா போடக் கை பரபரக்கும். போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் செடி தளதளவென்று இடுப்பளவு வளர்ந்து, முதல் காற்றுக்கே படுத்துவிடும். இந்த ஒரு பயிரில் மெலிந்த மண்ணுக்காக வருத்தப்பட வேண்டியதில்லை.

ஏக்கருக்கு 15, 16 கிலோ விதை. சாலுக்குச் சால் ஓர் அடி, விதைக்கு விதை இரண்டு விரற்கடை, ஆழம் ஒரு விரல் கணு. கையால் வீசுவதானால் 20 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் சாலில் போடுவதையே சொல்வேன். வீசி விதைத்தால் களை எடுக்கக் கால் வைக்க இடம் இருக்காது. குளிர்காலத்தில் பகல் குறுகியது. அதனால் செடி சீக்கிரம் பூத்து, குட்டையாகவே நிற்கும். நெருக்கிப் போட்டால்தான் நிலம் மூடும்.

விதைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரு மழை அடித்து வெயில் காய்ந்தால் செம்மண் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். முளை கீழேயே மடங்கிக் கிடக்கும். முள்கிளையை ஒரு கயிற்றில் கட்டி வயல் மேல் லேசாக இழுத்து விடுங்கள், ஓடு உடையும். வெங்காயத்துக்குச் செய்கிற மாதிரி தினம் தண்ணீர் தெளித்து ஓட்டை இளக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதிக ஈரம் விதையை அழுக வைக்கும்.

பதினெட்டாம் நாள் வாக்கில் ஒரே ஒரு களை எடுப்பு. அதன் பிறகு இலை விரிந்து மண்ணை மூடிவிடும், களைக்கு வெளிச்சமே போகாது. நவம்பர் நடுவுக்குள் மழை பெரும்பாலும் குறைந்துவிடும். பிறகு எட்டுப் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் என்று மண்ணைப் பார்த்துக் கொடுங்கள். பூக்கும்போதும் மணி பால் பிடிக்கும்போதும் வாட விடாதீர்கள். தெளிப்புநீர் வைத்திருப்பவர்கள் பூக்கும் மாதத்தில் மாலையில் மட்டும் திறக்க வேண்டும். ஏன் என்பது அடுத்து வருகிறது.

பூவும் தேனீயும்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பூக்க ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வயலுக்குப் போங்கள். ஒரு செடியில் ஒரு பூவைக் கிள்ளி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஐந்து வெள்ளை இதழ், சுற்றிலும் எட்டு மகரந்தத் தாள்கள், அவற்றின் நுனியில் ரோஜா நிறப் பொட்டு, அடியில் மஞ்சளாகத் தேன் சுரக்கும் முடிச்சுகள். நடுவில் மூன்று மெல்லிய இழைகள் நிற்கும். அவைதான் சூல்தண்டு. அந்த மூன்றும் மகரந்தத் தாள்களை விட உயர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, அல்லது குட்டையாக உள்ளேயே ஒடுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இப்போது அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று பத்துப் பன்னிரண்டு செடி பார்த்துக்கொண்டே போங்கள். ஏறக்குறைய பாதிச் செடி நீட்டு வகை, பாதிச் செடி குட்டை வகை. ஒரு செடியில் இருப்பது எல்லாம் ஒரே வகை.

நீட்டுப் பூவுக்குக் குட்டைப் பூவின் மகரந்தம் வேண்டும். குட்டைக்கு நீட்டின் மகரந்தம் வேண்டும். தன் செடியின் மகரந்தமோ, தன் வகைச் செடியின் மகரந்தமோ விழுந்தால் மணி பிடிக்காது. ஒரு பூ திறந்திருப்பது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில், தேன் நன்றாகச் சுரக்கும் காலை வேளையில், யாராவது எதிர்வகைச் செடியிலிருந்து மகரந்தத்தைச் சுமந்து வந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது தேனீ, ஈ, குளவி. எல்லாம் கூடி வந்தாலும் பூத்த பூவில் சிறு பங்குதான் மணியாகும்; பூச்சி வரவில்லை என்றால் அதுவும் இல்லை. டார்ட்டரி வகைக்கு இந்தத் தேவை கிடையாது, தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும்.

ஆகவே ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி வையுங்கள். அடுக்குத் தேனீ போதும், அதுதான் நம் ஊர்க் குளிருக்கும் பூவுக்கும் பழகியது. பெட்டியை முதல் பூ தெரிந்த பிறகு கொண்டு வாருங்கள். முன்னாலேயே வைத்தால் அவை வேறு பூவைத் தேடிப் பழகிவிடும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேனீ வளர்ப்புக்கென்று தனித் துறையே இருக்கிறது. பெட்டியைக் கையாளத் தெரியாதவர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பெட்டிக்கு வழியில்லையென்றால் வரப்பில் துளசியும் கடுகும் போட்டு, பக்கத்து மரத்துக் கொம்புத்தேனீக் கூட்டைக் கலைக்காமல் விடுங்கள்.

இன்னொரு வேலை, அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது. எங்களுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிறவர் காலையில்தான் மருந்தடிப்பார். அவர் வீட்டுக்குப் போய், "அண்ணா, டிசம்பர் ஒரு மாசம் மட்டும் சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல அடிங்க, தேனீ எல்லாம் பெட்டிக்குத் திரும்பியிருக்கும்" என்று கேட்டோம். காரணத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். அவர் வயலில் இருந்த பரங்கிக்கும் எங்கள் தேனீதான் போனது. உங்கள் பக்வீட்டுக்கு நீங்கள் பூச்சிமருந்து எதுவும் அடிக்காதீர்கள். அசுவினி கொஞ்சம் வரும், பொறிவண்டும் கூடவே வரும்.

அறுப்பு

பக்வீட் ஒரே நாளில் பழுக்காது. கீழ்க்கொத்தில் மணி கறுத்திருக்கும்போது உச்சியில் பூ இருக்கும். முழுவதும் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் பழுத்த நல்ல மணி எல்லாம் தரையில். முக்கால் பங்கு மணி கறுத்துவிட்டால் அறுத்துவிடுங்கள், இலை பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. நவம்பர் முதல் வாரம் விதைத்தால் இது சங்கராந்தி கழிந்த ஒன்றிரண்டு வாரத்தில் வரும்.

விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே அரிவாளை எடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கதிர் காய்ந்து, கை பட்டாலே கொட்டும். அறுத்ததைச் சின்னச் சின்னக் கட்டுகளாகக் கட்டி, கூம்பு மாதிரி நிறுத்தி, ஐந்தாறு நாள் காய விடுங்கள். புறாவும் சில்லையும் இந்த நாட்களில் வரும், பகலில் ஓர் ஆள் வேண்டும்.

பிறகு தார்ப்பாய் விரித்துக் கழியால் தட்டினால் போதும். நம் ஊர்ப் பக்கம் ராகியையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டி ஏற விடுகிற வழக்கம் இருக்கிறது. இதற்கு அது ஆகாது. மணி நொறுங்கும். கல் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது, அளவும் நிறமும் அப்படி. தூற்றி, முறத்தில் புடைத்து, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே சாக்கில் கட்டுங்கள்.

மலைப்பகுதிகளில் ஹெக்டேருக்கு 5 முதல் 10 குவிண்டால் எடுக்கிறார்கள். ஏக்கர்க் கணக்கில் 200லிருந்து 400 கிலோ. முதல் வருடம் 200 கிலோவுக்கு மேல் மனக்கணக்குப் போடாதீர்கள். அதிலும் மாவாக்கும்போது கால் பங்கு போலத் தோலில் போய்விடும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பச்சைச் செடியையும் பூவையும் தீவனமாகப் போடாதீர்கள். அதில் இருக்கும் ஃபேகோபைரின் என்ற பொருள் உடம்பில் ஏறினால், வெயில் பட்ட இடத்தில் தோல் சிவந்து புண்ணாகும். எச்.எஃப். கலப்பின மாட்டின் வெள்ளைத் திட்டுகளில்தான் முதலில் தெரியும். தட்டித் தீர்ந்த தாளையும் எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

விற்பது

ஜனவரி கடைசியில் மணி கையில் இருந்தால், பிப்ரவரி, மார்ச்சில் வரும் சிவராத்திரிக்கும் அதை அடுத்து வரும் சைத்திர நவராத்திரிக்கும் சரியாக மாவு தயாராகும். வாங்குகிறவர்கள் பெங்களூரிலேயே இருக்கிறார்கள்: வட இந்தியக் குடும்பங்கள் நிறைந்த அடுக்குமாடிகள், சிக்பேட்டைப் பக்கத்து மார்வாடி வீடுகள், சில சிறிய உணவகங்கள். ஆனால் விதைப்பதற்கு முன்னால், அக்டோபரிலேயே, இவர்களில் பத்து வீட்டையாவது பேசி வையுங்கள். மண்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிற சரக்கு அல்ல இது.

மாவை அரைத்து அடுக்கி வைக்காதீர்கள். பக்வீட் மாவில் எண்ணெய்ச்சத்து உண்டு, சீக்கிரம் கெட்டு நாறும். 2011 ஏப்ரலில், நவராத்திரி நேரத்தில், கெட்டுப்போன குட்டு மாவைச் சாப்பிட்டுத் தில்லியில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மணியாகவே வைத்திருந்து, ஆர்டர் வந்த வாரத்தில் அரைத்து, அரைத்த தேதியைப் பையின் மேல் எழுதிக் கொடுங்கள்.

கோதுமை சேராதவர்கள் இதைத் தேடி வாங்குவார்கள். அவர்களுக்குக் கொடுப்பதானால், கோதுமை அரைக்கிற மில்லில் இதை அரைக்கக் கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் கோதுமையே அவர்களுக்குப் போதும் உடம்பைக் கெடுக்க. ராகி மட்டும் அரைக்கிற மில்லாகப் பாருங்கள், அல்லது கோதுமை அரைத்த மில் என்று பையிலேயே எழுதிவிடுங்கள். பக்வீட்டே ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறுகிறவர்களும் உண்டு. முதல் தடவை சாப்பிடுகிறவர்களிடம் கொஞ்சமாக ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வருட விதை

அறுக்கும்போதே வயலின் நடுவில், சாயாமல் நின்று முதலில் கறுத்த செடிகளாகப் பார்த்துத் தனியாகக் கட்டுங்கள். அவற்றைத் தனித் தார்ப்பாயில் தட்டி, தனியாகக் காய வைத்து, அரை ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோவோடு இன்னும் 2 கிலோ சேர்த்து துணிப்பையில் கட்டுங்கள். இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் தேனீ கலந்திருக்கும், அதை விதைக்கு எடுக்காதீர்கள். பையின் மேல் ரகத்தின் பெயர், விதைத்த தேதி, முதல் பூ வந்த தேதி, அறுத்த தேதி நாலையும் எழுதுங்கள். அக்டோபர் முதல் வாரம் அந்தப் பையைத் திறந்து, நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டுங்கள்.